‘ஏத்தாதடி’ என்றாயே, அக்கா

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். உனக்குப் பிடிக்கும் என்று அம்மா மிளகு தூக்கலாக வடை சுட்டுப் படைத்தாள். நீ இருந்திருந்தால் கடைசி வடைக்கு என்னோடு மல்லுக்கு நின்றிருப்பாய். யாரும் நிற்கவில்லை. வடை மிஞ்சிவிட்டது.

ஐந்து நாள் காய்ச்சலில் ஒரு மனுஷி போய்விடுவாளா? யார் யாரோ என்னென்னவோ விளக்கம் சொன்னார்கள். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படையல் போடும் இடத்தில் வைக்க உன் படம் ஒன்று வேண்டும் என்று மாமா கேட்டார். போட்டோ ஸ்டூடியோவில் டிசைனிங் வேலை பார்க்கும் மச்சினிச்சியை விட்டு வேறு யாரிடம் கேட்பார்? உன் கல்யாண ரிசப்ஷன் படத்தைப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கம்மாபுரத்தில் உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நல்லாத்தான் இருக்குது செல்வி. ஆனா யாரோ மாதிரி இருக்குது. அவ கலருல ஒண்ணு கெடைக்குமா?”

உன் நிறத்தில் ஒரு படம்கூட இல்லாமல் செய்தவளே நான்தானே.

என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய். கம்ப்யூட்டரில் கண்ட்ரோலும் எம்மும் அழுத்தினால் ஒரு கட்டம் வரும், அதன் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு. கீழ் முனை இருட்டு, மேல் முனை வெளிச்சம். நடுவில் பிடித்து மேலே இழுத்தால் கோடு வளையும், முகம் வெளுக்கும். கர்வ்ஸ் என்போம். விருத்தாசலத்தில் ஜாதகத்தோடு போகிற பெண்களின் படங்களில் பாதி என் கையில் இந்தக் கோடு ஏறித்தான் போகின்றன. “கொஞ்சம் கலராக்கிடுங்க” என்று கேட்பவர்களுக்குச் செய்வேன். கேட்காதவர்களுக்கும் செய்துவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

உன் ஜாதகத்தோடு போன படத்துக்கும் அதையேதான் செய்தேன். மாமா வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அவர் அம்மா காபியை வாங்கிக்கொண்டே, போட்டோவில் இன்னும் கலராகத் தெரிந்ததே என்றார். நீ சிரித்துச் சமாளித்தாய். மாமா அங்கேயே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டதால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அவர்கள் போன பிறகு டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டாய்.

“உனக்கு என் மொகம் அவ்ளோ மோசமாவாடி தெரியுது?”

எல்லாருக்கும் செய்வதுதானே என்று முனகிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். அது பதிலா அக்கா?

அதற்குப் பிறகு நான் கேமராவைத் தூக்கினாலே “ஏத்தாதடி” என்பாய். சரி சரி என்று தலையாட்டுவேன். கடைக்கு வந்து உட்கார்ந்ததும் கை தானாகப் போகும். பாசத்தில்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதானே பாடுபட்டேன்? அந்தச் சொல்லை ஒவ்வொரு படத்திலும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது உறைக்கவே இல்லை.

ஒரிஜினல் எங்காவது கிடக்கும் என்று கடை சிஸ்டத்தைக் குடைந்தேன். எப்படிக் கிடக்கும்? திருத்திய படத்தை அதே பெயரில் சேவ் செய்வது என் வழக்கம். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்கு அழித்துக் கொடுப்பதும் நான்தான். மாமாவின் போனில் தேடினேன். திருவிழா, காதுகுத்து, பொங்கல் எல்லாவற்றிலும் நீ யாருடைய தோளுக்குப் பின்னாலோ நிற்கிறாய், இல்லாவிட்டால் முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கியிருக்கிறாய்.

சரி, ஏற்றியதை இறக்கிப் பார்ப்போம் என்று அந்த ரிசப்ஷன் படத்தில் கோட்டைக் கீழே இழுத்தேன். உன் நிறம் வரவில்லை. சாம்பல் பூசியதுபோல் ஆனாய். நெற்றியும் மூக்குத்தியும் வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்துவிட்டிருந்தன. கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. இல்லாததைக் கோடு எங்கிருந்து கொண்டுவரும்? பட்டப்பகலில் கடையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் பாத்திமா அக்கா துக்கம் கேட்க வந்தார். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து உன்னோடு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் படத்தின் கதையைச் சொன்னதும் கைப்பையைத் திறந்தார். பிறகு போனை எடுத்து நீட்டினார்.

சூளைக்குப் போகாத வெள்ளைப் பொம்மைகளுக்கு நடுவே நீ. கையெல்லாம் காய்ந்த வெள்ளை மண். குண்டு பல்பு வெளிச்சத்தில் படமே மஞ்சளடித்துக் கிடந்தது. நீ மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறாய்.

“அவதாம்மா எடுக்கச் சொன்னா. என் தங்கச்சி எடுத்தா வெள்ளையாக்கிடுவா, நான் இருக்கற மாதிரியே ஒண்ணு எடுத்து வைங்கக்கான்னா. உன்கிட்ட மட்டும் காட்டக் கூடாதுன்னுட்டா. நீ மனசு கஷ்டப்படுவியாம்.”

இதை நான் எங்கே கொண்டு வைப்பேன், சொல்லு?

படத்தை வாங்கி சிஸ்டத்தில் போட்டேன். அதே கர்வ்ஸ் கட்டத்தில் மை உறிஞ்சும் குழாய் மாதிரி ஒன்று உண்டு. படத்தில் எது நிஜமாகவே வெள்ளையோ, அதைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் தானாக ஒழுங்குக்கு வரும். முகத்தையே வெள்ளையாக்குகிற எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. உன் மணிக்கட்டில் காய்ந்திருந்த மண்ணைத் தொட்டேன். மஞ்சள் விலகியது. உன் கறுப்பும், கன்னத்துத் தழும்பும், மூக்குத்தியும் வந்தன. கோட்டை நான் தொடவில்லை.

ஃபிரேமைக் கொண்டுபோய் வைத்ததும் மாமா அதன் முன்னால் நின்றார். “இவதான்” என்றார். அத்தனை நாள் கல் மாதிரி இருந்தவர் எல்லார் எதிரிலும் உடைந்து அழுதார். போட்டோவில் கலராகத் தெரிந்ததே என்று கேட்ட அவர் அம்மாதான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து உனக்குப் பொட்டு வைத்தார்.

இன்று வேலைக்குப் போனேன். ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் ஜாதகப் படம் எடுக்க வந்தார்கள். அம்மாக்காரி வழக்கமானதைச் சொன்னார். நான் அந்தப் பெண்ணிடம், உனக்கு எப்படி வேண்டும் என்று கேட்டேன். இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்சம் ஏற்றித்தான் கொடுத்தேன் அக்கா. பிழைப்பு அதில் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரிஜினலைத் தனியே எடுத்து வைத்தேன்.

இனி கேட்காமல் ஒரு முகத்தையும் ஏற்ற மாட்டேன். ஏற்றினாலும் அசலை அழிக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டாயே, அதற்குப் பதில் இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேன். இல்லக்கா. ஒரு நாளும் இல்ல. நேற்று எல்லாரும் போன பிறகு உன் படத்துக்கு முன்னால் நின்று இதை வாய்விட்டுச் சொன்னேன். எனக்குக் காட்டக் கூடாது என்று எடுத்த படத்திலிருந்து நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

உன் முகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிய
உன் தங்கச்சி,
செல்வி