ஏழு சதவீதக் குறை

மார்ச் 4

இன்றும் ஏழு சதவீதம் உதைக்கிறது. எலெக்ட்ரான்கள் டங்ஸ்டன் தட்டில் மோதினால் எவ்வளவு எக்ஸ்ரே வெளிவரும் என்று கணினியில் நான் போட்ட கணக்கு ஒன்று. சோதனைக்கூடத்து எக்ஸ்ரே குழாயை ஓட்டி ‘மூணுதரம்’ அண்ணன் அளந்தது இன்னொன்று. எதையும் மூன்று முறை அளக்காமல் எழுதமாட்டார், அதனால் அந்தப் பெயர். மூன்று தரமும் என் கணக்கைவிடக் குறைவாம்.

“உங்க கணக்கையும் ஒரு தரம் பாருங்கம்மா” என்றார். சுருக்கென்றது. எனக்கே பாடமா?

மார்ச் 5

கணினியில் மூன்று கோடி எலெக்ட்ரான்களை மறுபடி ஓடவிட்டேன். அதே விடை.

மார்ச் 9

மேலாளர் நேராகவே கேட்டார். “கணக்கு தப்பா, அளவு தப்பா?”

“அளவுதான் சார்.” வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 17

அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. மேசையைக் காலி செய்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதானே —

மார்ச் 18

சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 2

ஆயுள் முடிந்ததென்று அந்தக் குழாயைக் கழற்றி அறுத்தார்கள். தட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எலெக்ட்ரான் விழுந்த தடம் முழுக்க பித்தவெடிப்புக் குதிகால் மாதிரி வெடிப்பு. வெடிப்புக்குள் பிறக்கிற எக்ஸ்ரேயில் ஒரு பங்கை, வெளியே வருவதற்குள் டங்ஸ்டனே விழுங்கிவிடும். நானோ வரைபடத்தில் இருந்த புதுத் தட்டை, வழவழவென்று, அப்படியே கணக்கில் வைத்திருந்தேன். ‘ஆறாயிரம் மணி நேரம் ஓடிய குழாய்’ என்று அண்ணன் அளவுத்தாளின் தலையிலேயே எழுதியிருக்கிறார். படிக்கலையே. பாவி, நான் படிக்கவே இல்லையே.

ஏப்ரல் 3

வெடிப்பையும் சேர்த்து ஓட்டினேன். என் கணக்கு ஏழு சதவீதம் அப்படியே இறங்கி, அண்ணன் அளவோடு பொருந்தியது.

ஏப்ரல் 4

தப்பு என் கணக்கில்தான் என்று மேலாளரிடம் சொன்னேன். “அதான் இப்ப சரியாயிடுச்சே, பழசை ஏன் கிளறுறீங்க? அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு.” எழுதியும் கொடுத்தேன். வாங்கி இழுப்பறைக்குள் போட்டார்.

ஏப்ரல் 7

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அழுதும்விட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“வெடிப்போட எத்தனை தரம் ஓட்டிப் பாத்தீங்க?”

“ஒரு தரம்ணே.”

“இன்னும் ரெண்டு தரம் ஓட்டிடுங்கம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 8

மீதி இரண்டு தரமும் ஓட்டினேன். ஏழு. ஏழு. யாரிடம் போய்ச் சொல்ல?