நிறுத்தாத சந்தா

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைச் செருப்பு அலமாரியில் வை.

நேற்று, "காசைக் கரியாக்குறே"ன்னு கத்தினேன். என் கார்டில் மாசாமாசம் போகும் உன் ஆன்லைன் விளையாட்டுச் சந்தாவை நிறுத்தத்தான் காலையில் உன் விளையாட்டுக் கணக்குக்குள்ளே போனேன். உடனே உன் குழுவிலிருந்து ஒருத்தர், "வைத்தியரே, ரெண்டு நாளா காணோம், உடம்புக்கு முடியலையா?" என்று எழுதினார். விளையாட்டில் நீ வைத்தியராமே. "நான் அவர் தங்கச்சி" என்றேன்.

"பேசவே கூச்சப்படுமே, அந்தத் தங்கச்சியா? இன்டர்வியூ என்னாச்சும்மா?"

நீ என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

சந்தாவை நிறுத்தக் கை வரவில்லை. கட்டவும் மனசு வரவில்லை. தண்டச் செலவா என்று எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்லு.

பி.கு.: இன்டர்வியூ ஊத்திக்கிச்சு. அவரிடம் சொல்லிவிடு.