படகுக்கு இரண்டு பேட்டரி வேண்டும்

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நம் பேட்டரிக் கடையும் நலம். போர்ட் பிளேரில் நீயும் மாப்பிள்ளையும் தரையில் கால் ஊன்றி நலமாக இருப்பதாக நேற்று உன் வாயால் கேட்டுக்கொண்டேன், தரையில் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் சிக்னல் போகிறது, போகாவிட்டால் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதி, உனக்கு அனுப்பும் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். மாப்பிள்ளை டிரேவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீயே உட்கார்ந்து வாசித்துக் காட்டு, அவரைப் பற்றி எழுதியிருக்கும் இடங்களையும் விழுங்காமல்.

போன மாதம் டூரிஸ்ட்டுகளைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் பேட்டரி செத்து, இஞ்சினும் கிளம்பாமல் வயர்லெஸ்ஸும் பேசாமல் உங்கள் படகு நடுக்கடலில் நின்றது, வேறு யாரோ கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். படகை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்து கடையப் பாக்கட்டும், மீனு நமக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டுல கெடைக்குது, அப்படியே எழுது என்றார். எழுதிவிட்டேன், அவர் சொன்ன வேலை முடிந்தது. எனக்கு மண்டையைக் குடைந்தது வேறு. ஒரு வருஷம்கூட ஆகாத பேட்டரி எப்படிச் செத்தது? ஆட்டோவுக்கும் லாரிக்கும் வீட்டு இன்வர்ட்டருக்கும் விற்று விற்றுக் கை காய்த்துப்போனவள் நான், கடலுக்குப் போகும் பேட்டரியை மட்டும் பார்த்ததே இல்லை. அது தெரியாமல் தூக்கம் வரவில்லை என்றால் நம்பு.

ஆயுத பூஜைக்கு நீ அனுப்பிய படகுப் போட்டோவை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இஞ்சினுக்கு மாலை, சரி. பேட்டரியின் தலைமேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சந்தனத்தை அப்பி, தண்ணீர் ஊற்றும் மூடிகளின் சின்னத் துளைகளையும் சேர்த்து அடைத்து, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாய். பக்திதான், யார் இல்லை என்றது. ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறது, அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பிவிடும். மேலே பூசியது காய்ந்து, அதன்மேல் உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து ஊறினால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கரண்ட் தன் பாட்டுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். நம் கடையில் பொட்டெல்லாம் பக்கவாட்டில்தான் வைப்போம், உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். இனிமேல் நீயும் பக்கவாட்டில் வை, சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் பழி முழுவதையும் சந்தனத்தின்மேல் போட மாட்டேன். செத்தது லாரி பேட்டரி. அதைவிடப் பெரிய லாரி பேட்டரி ஒன்று அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை கேட்டாராம். எத்தனை பெரிது அனுப்பினாலும் இதே கதைதான். லாரி பேட்டரி ஒரே மூச்சில் பலத்தைக் காட்டி இஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓய்வெடுக்கப் பிறந்தது, உள்ளே தகடுகள் மெல்லியவை. மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ், விளக்கு, இரை மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் பம்பு என்று நாள் முழுக்க அடிவரை உறிஞ்சினால் தகடு உதிர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுத்து, நன்றாக இறங்கித் திரும்ப ஏறுவதற்குத் தடித்த தகடு வேண்டும். அதைத்தான் டீப் சைக்கிள் என்கிறார்கள். நம் கடை இன்வர்ட்டருக்கு விற்கும் உயரமான டியூபுலரும் அந்த ஜாதிதான், அதையே கட்டி அனுப்பினால் எனக்கும் ஒரு வியாபாரம் ஆகியிருக்கும். ஆனால் அது வீட்டு மூலையில் அசையாமல் நிற்பது. ஆட்டினால் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

நம் கடைக்கு லக்கேஜ் ஆட்டோ ஓட்டும் ரவியைக் கூப்பிட்டு, ஒரு டியூபுலரையும் சீல் வைத்த ஏஜிஎம் பேட்டரி ஒன்றையும் பின்னால் கட்டி, அடியில் ஆளுக்கொரு பழைய சாக்கு விரித்து, ஈஜிபுரா வரைக்கும் போய் வரலாம் என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பள்ளத்தையும் விடாதே என்றேன். பள்ளத்த விட்டுட்டு ஓட்டச் சொன்னாதான்கா கஷ்டம், இது சுலபம் என்றான். திரும்பி வந்து பார்த்தால் டியூபுலரின் அடியில் சாக்கு நனைந்திருந்தது, மறுநாள் அதே இடம் பொத்தலாகிவிட்டது. ஏஜிஎம் அடியில் சாக்கு காய்ந்தபடி கிடந்தது. அதில் ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சு குடித்து வைத்திருக்கிறது, தளும்புவதற்கு ஒன்றுமில்லை. உங்க பொண்ணு கடலுக்குப் போறதுக்கு என் வண்டி ஏன்கா ஆசிட் குடிக்கணும் என்று ரவி முணுமுணுத்துக்கொண்டே கழுவினான். திறக்கிற பேட்டரிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் விஷவாயு கிளம்பும் என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. அதோடு முடிவு செய்துவிட்டேன், உனக்கு ஏஜிஎம்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டாமா? கடை மேஜைமேல் ஆட்டோ ஹெட்லைட்டுகளை வரிசையாக மாட்டி, அந்த ஏஜிஎம்மில் எரியவிட்டேன். கல்யாண வீடு என்று நினைத்து நின்று பார்த்தவர்கள் உண்டு. உன் மாமியார் மௌரீன், காக்ஸ் டவுனிலிருந்து கேக் கொண்டுவந்தவர், என்ன உஷா, பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு யாரத் தேடுறீங்க என்றார். விஷயத்தைச் சொன்னேன். அந்த பம்பை வேண்டாதபோது நிறுத்தினாலே பாதிப் பிரச்சனை தீரும் என்றதற்கு அவர் சிரித்த சிரிப்பு! அவனா நிறுத்துவான், சின்ன வயசுல வீட்டு மீன்தொட்டி மோட்டார நான் ஆஃப் பண்ணா, மீனுக்கு மூச்சு முட்டும்னு அழுது கூப்பாடு போட்டவன் என்றார். ஆக, பம்பு நிற்காது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு சாமானும் எவ்வளவு இழுக்கிறது என்று கூட்டி, அதைப்போல இரண்டு மடங்கு கொள்ளும் பேட்டரி வேண்டும், ஏனென்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துச் சற்று நேரம் விட்டு மீட்டரை வைத்துப் பார், பன்னிரண்டேகால் வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது, கரைக்குத் திரும்பு.

சென்னையிலிருந்து கப்பலில் இரண்டு பேட்டரி வருகிறது. ஒன்று இஞ்சினைக் கிளப்ப மட்டும், அதில் வேறு ஒரு வயரும் தொடக் கூடாது, டிரேவர் எவ்வளவு கெஞ்சினாலும். மற்றதில் பம்பும் மிச்சமும். தொட்டி மீன் அதைக் குடித்துத் தீர்த்தாலும் உன் இஞ்சின் கிளம்ப வேண்டும், எனக்கு அவ்வளவுதான். ஆடாமல் வாரால் இறுக்கிக் கட்டு. முனைகளில் பச்சை பூத்தால் துடைத்து வாஸ்லின் தடவு. கரைக்கு வந்த அன்றைக்கே சார்ஜ் போடு, பாதி வயிற்றோடு படுக்க விட்டால் கெட்டுப்போகும். சார்ஜரில் ஏஜிஎம் என்று இருக்கும் இடத்தில் வைத்துத்தான் போட வேண்டும். லித்தியம் வாங்கினால் எடை குறையுமே என்று மாப்பிள்ளை கேட்பார், குறையும், ஆனால் அதற்கு இஞ்சினிலிருந்து ஏற்றும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும், இப்போது வேண்டாம்.

இரண்டையும் மாட்டிய பிறகு முதலில் டூரிஸ்ட்டை ஏற்றாதே, மாட்டும்வரை நீங்களும் கடலுக்குப் போகாதீர்கள். கப்பல் வந்ததும் சொல், கடையை அப்பா கையில் கொடுத்துவிட்டு நான் வருகிறேன். படகு நின்ற அதே இடத்துக்குக் கூட்டிப் போ. இஞ்சினை அணைத்துவிட்டு, பம்பு, கருவி, விளக்கு எல்லாவற்றையும் ஓடவிட்டு, பேட்டரி பாதி இறங்கும்வரை உட்கார்ந்திருப்போம். அத்தனை நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பதில் உனக்கு அப்படி என்ன கிடைக்கிறது என்றும் எனக்குத் தெரிய வேண்டும். பிறகு சாவியை நான் திருப்புகிறேன். இஞ்சின் கிளம்பினால் படகை விற்கும் பேச்சு நம் வீட்டில் இனி எழாது, அப்பாவிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். கிளம்பாவிட்டால் மூன்று பேரும் சேர்ந்தே இழுபட்டு வருவோம், அதன் பிறகு நீ என் பேச்சைக் கேட்க வேண்டும்.

கடலும் காற்றும் உங்கள் இருவர் பக்கம் நிற்கட்டும், நினைத்தது கைகூடட்டும். என் உடம்புக்குப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் ஒன்று மறக்காமல் எடுத்து வை.

இப்படிக்கு,
நீச்சல் தெரியாத உன் அம்மா
உஷா கோவிந்தராஜன்