அந்தோணி யாருக்காக அழுதான்

என் அருமை அப்பா,

போன இடத்திலாவது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறீர்களா? இங்கே சொன்னதில்லை.

துபாய் அல் கூஸில் நம் தொழிலாளர் கேம்பில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேங்க் கைவிட்டவனுக்கும் வட்டிக்குக் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், தெய்வம் என்றார்கள். செத்தவரைத் திட்டியா பேசுவார்கள்? நான் எதையும் நம்பவில்லை. வெல்டர் அந்தோணி அழுததைப் பார்த்து, இவன் எதற்கோ அடி போடுகிறான் என்றே நினைத்தேன். பெற்ற மகள் நானே அப்படி அழவில்லை.

அவன் யார் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "தம்பிக்கு ஜாமீன் நின்னவன் மேடம். தம்பி லீவுக்குப் போயி வரல. அதான் இவனுக்கு லீவு மாஃபி, கிடையாது," என்றார்.

ஒருவன் ஊருக்குப் போக இன்னொருவன் ஜாமீன் நிற்க வேண்டுமாம். போனவன் திரும்பாவிட்டால் நின்றவனுடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனி தராதாம். நீங்கள் வைத்த சட்டம். உங்கள் ஆபீஸிலேயே இருந்த எனக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே என்மேல் சந்தேகம்தான்.

அடக்கத்துக்கு உங்களை ஊருக்குக் கொண்டுபோனோம். நம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்தோணியின் முகஜாடை. அந்தத் தம்பியேதான், சேவியர்.

"ஓடிப்போகல அக்கா. காய்ச்சல்ல கெடந்தேன், திரும்பிப் போகப் பயம். சாருதான் தோட்டத்துல சோத்துக்கு வேலை செய்யின்னாரு. நான் இங்கேருந்து போனா அண்ணன் அங்கேருந்து வரமாட்டான்னாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். இந்தக் கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரையும் விட்டுருவேன்னு சாரு வாக்குக் குடுத்திருந்தாரு. இனி யாருட்ட போயி கேக்க?"

ஆக, அந்தோணி உங்களுக்காகத்தான் அழுதிருக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களை விட்டால் அவனுக்கு ஆளில்லை. நிஜமாகவே விட்டிருப்பீர்களா அப்பா? நினைத்தால் ஆத்திரம் வருகிறது. உங்கள்மேல் பாசமும் போகமாட்டேன் என்கிறது.

சேவியரைக் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். துபாய் திரும்பியதும் அந்தோணியிடம் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"ஜாமீன் யாரு மேடம்?"

"யாரும் வேண்டாம்."

அவன் மெதுவாகக் கேட்டான். "நான் போனப்புறம் எனக்குப் பதிலா என் ரூம்காரன் ராசையாவப் புடிச்சு வெப்பீங்களா?"

உங்கள் பீரோவில் இருக்கும் எல்லாப் பாஸ்போர்ட்டையும் நாளைக்கே கேம்பில் கொடுத்துவிடுவேன். ஒருவனும் திரும்பி வராமல் கம்பெனி மூழ்கினாலும் சரி. இது சத்தியம். உங்கள்மேல் இல்லை அப்பா, அம்மாமேல்.

உங்கள் ஒரே மகள்,
ஸ்டெல்லா