ஐந்து மணிக்கு முன்னால் ஒரு வாய்க் கூழ்

20-1-1978, வெள்ளி

இன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: கனகாம்பாள் ஆகிய நான். மருமகள் செங்கம்மாள். அவள் பெற்ற ஐந்து மாதப் பேத்தி அங்காளம்மாள். என் நாத்தனார் கெங்கம்மாள் — பொங்கலுக்கு வந்தவள், இன்னும் போகவில்லை. மகன் ராஜவேலு இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி, முதல் ஷிப்ட். ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவான்.

இந்த டைரி கம்பெனியில் அவனுக்குக் கொடுத்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். எனக்கு எதுவும் மறக்காது. ஆனாலும் எழுதி வைத்தால் நாளைக்கு யாரும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று தப்பிக்க முடியாது பார்.

எட்டு மணிக்குச் செங்கம்மாள் கூழ்ப்பானையைப் போட்டு உடைத்தாள். பானை போனால் போகிறது. அவள் அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"இன்னாமே, ஒரு பானைக்கா இந்த அழுகை?"

"தெர்ல அத்த. கை நடுங்குது. அழுகையா வருது."

கெங்கம்மாள் என் காதைக் கடித்தாள். "அண்ணி, இது காத்து கருப்பு. கம்பெனி ரோட்டு புளியமரத்தாண்ட போய்ட்டு வந்திருப்பா."

23-1-1978

குழந்தைக்குப் பால் பற்றவில்லை. உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறது. கால் குச்சியாகிவிட்டது. நான் பார்க்கக் கூடாத கால் அது.

27-1-1978

கிணற்றடியில் செங்கம்மாள் மயங்கி விழுந்தாள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. தாம்புக்கயிறு கையில் இருந்தபடியே — உள்ளே விழாமல் இந்தப் பக்கம் விழுந்தாளே, அம்மா அங்காளபரமேஸ்வரி.

மூன்று மணிக்கு ராஜவேலு வந்தான். விஷயம் கேட்டு முகம் சுண்டிப்போனான். "அவங்க அம்மா ஊட்டுக்கு அனுப்பிடலாம்மா. கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்."

கெங்கம்மாள் விடுவாளா? "அவள அனுப்பு. கொழந்த இங்க இருக்கட்டும். மாட்டுப்பால ஊத்தி நான் வளத்துட மாட்டேன்? காத்து புடிச்சவகிட்ட எதுக்கு கொழந்த?"

செங்கம்மாள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊத்துக்கோட்டையிலிருந்து கெங்கம்மாள் ஒரு தாயத்து வரவழைக்கப் போகிறாளாம். அதற்கும் சரியாகாவிட்டால் அடுத்த ஞாயிறு அனுப்புவதாகப் பேச்சு.

31-1-1978, செவ்வாய்

நர்ஸம்மா விக்டோரியா குழந்தைக்கு எடை பார்க்க வந்தார். எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுச் செங்கம்மாளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"காலைல இன்னா துன்ன?"

செங்கம்மாள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"நேத்து காலைல?"

"அவரு வந்தப்புறம் சாப்ட்டேன்."

"அவரு எப்போ வருவாரு?"

"மூணு மணிக்கு."

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா ஆயா இது? நாலு மணிக்கு எழுந்து, சாணி தெளிச்சி, தண்ணி சேந்தி, மூணு மணி வரைக்கும் வெறும் வயிறு. பால் எங்கேர்ந்து வரும்? சிரிப்புதான் எங்கேர்ந்து வரும்? இது காத்தும் இல்ல, கருப்பும் இல்ல, பசி."

எனக்கு எட்டு மணிக்குக் கூழ் கரைத்துக் கொடுப்பாள். 'நீ?' என்பேன். 'அப்புறம் அத்த' என்பாள். நான் குடித்து முடித்து ஏப்பமும் விட்டிருக்கிறேன்!

"உனுக்கு யார்மே அப்டி சொன்னது?" என்று கேட்டேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கதான அத்த."

1-2-1978

ஆமாம். நான்தான். எழுபத்தாறு ஆனி பத்து, வியாழக்கிழமை. மஞ்சள் புடவையில் அடுப்பண்டை நின்றாள். 'புருஷன் வாய் நனையாம நீ பானையில கை வெக்காத' என்றேன். அப்போது ராஜவேலு கழனிக்குப் போவான், எட்டு மணிக்குத் திரும்பிப் பழையது சாப்பிடுவான், அடுத்து அவள். யாருக்கும் கஷ்டமில்லை. அதன் பிறகு கம்பெனி வந்தது, ஷிப்ட் வந்தது. அவனுக்குக் கேண்டீனில் இட்லி. நான் சொன்ன சொல் மட்டும் வீட்டிலேயே நின்றுவிட்டது.

அந்தச் சொல்லும் என்னுடையது இல்லை. என் மாமியார் சொன்னது. என் வீட்டுக்காரர் மாடு பூட்டி நெல் ஏற்றிக்கொண்டு செங்குன்றம் போனால் வர இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளும் மாமியார் பானைக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். "புருஷன் வாய் நனையல, உனுக்கு இன்னாடி நாக்கு?" எனக்குப் பதினேழு வயது. மடியில் சுப்பராயன், என் மூத்தவன். நாலு மாதம் இருந்தான். அவன் காலும் குச்சிதான்.

இனி எழுத முடியவில்லை.

2-2-1978

செங்கம்மாளைச் சாப்பிடச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். மிரட்டினால் ஒரு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறாள். நான் நட்டது, என்னாலேயே பிடுங்க முடியவில்லை.

3-2-1978

இன்று நாலரை மணிக்கு ராஜவேலுவின் சைக்கிளை மறித்து நின்றேன், கையில் கூழ்ச் செம்போடு.

"இன்னாம்மா பேஜாரு? கேண்டீன்ல நாஷ்டா தரான். இந்நேரத்துக்கு கூழ யாரு குடிப்பா?"

"நீ குடிப்ப. உன் வாய் நனைஞ்சாதான் உன் பொண்டாட்டி வாய் நனையும். உன் பொண்ணு வாயும் நனையும். குடிடா."

அவன் என்னைப் பார்த்தான். கதவோரம் நின்ற அவளைப் பார்த்தான். "இத்தினி நாளா நீ துன்றதில்லயா?" என்று கேட்டு, கடகடவென்று குடித்துவிட்டுப் போனான்.

ஆறு மணிக்கு நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. அவள் முதல் வாயை விழுங்கும் வரை நான் மூச்சு விடவில்லை. வாந்தி வரவில்லை. இரண்டாவது செம்பும் கேட்டாள்.

5-2-1978, ஞாயிறு

யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை.

14-2-1978

பழவேற்காட்டு மீன்காரி கங்கம்மா கூடையில் பால்சுறா கொண்டுவந்தாள். பால் கொடுக்கிறவளுக்கு என்றதும் பெரிய துண்டாகத் தந்தாள். அவள் கூடை என்றும் நிறைந்திருக்கட்டும். புட்டு வைத்தேன்.

2-3-1978

குழந்தை எடை ஏறியிருக்கிறது. நர்ஸம்மாவுக்கு முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்தேன். எவ்வளவு கொடுத்தாலும் தீராது. காலையில் செங்கம்மாள் பெருக்கிக்கொண்டே ஏதோ பாட்டு முனகினாள். இந்த வீட்டில் விடியற்காலையில் பாட்டா?

ராஜவேலுவும் இப்போது ஒரு வாயோடு நிறுத்துவதில்லை. கூழ் குடித்துப் போனால் மிஷினண்டை தூக்கம் தள்ளுவதில்லையாம்.

கெங்கம்மாள் ஊருக்குப் புறப்பட்டாள். போகும்போது சொல்கிறாள்: "பாத்தியா அண்ணி, நான் கட்டுன தாயத்து எப்டி வேல செஞ்சிது?"

16-4-1978, ஞாயிறு

நேற்று இரண்டாவது ஷிப்டுக்குப் போன ராஜவேலு இன்னும் வரவில்லை. ஓவர்டைம் என்று சொல்லியனுப்பியிருந்தான். விடிந்ததும் எனக்குப் பயம் — அவன் வாய் நனையவில்லையே, இவள் பழையபடி ஆகிவிடுவாளோ?

அடுப்பண்டை போனேன். இரண்டு செம்பு. ஒன்றில் பாதி காலி. மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டே செங்கம்மாள், "இன்னா அத்த, லேட்டு? எனுக்கு பசி தாங்கல, ஆரம்பிச்சிட்டேன். குந்துங்க" என்றாள். மடியில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. கொழுகொழு கால்.

குந்தினேன். குடித்தேன். தெய்வம் இதையும் காட்டியதே.

கவனிக்காத என் பிள்ளையை மன்னித்தேன். குழந்தையைப் பிரிக்கப் பார்த்த கெங்கம்மாளை, தாயத்தோடு சேர்த்து மன்னித்தேன். சொன்னதையே திருப்பிச் சொன்ன என்னையும், போகட்டும், மன்னித்தேன்.

பானைக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தவளை மட்டும் இல்லை. செத்து இருபத்தெட்டு வருஷம் ஆனாலும் இல்லை. பெயரையும் எழுதி வைக்கிறேன்: அஞ்சம்மாள்.