சவரியின் பூட்ஸ்

மாமா,

இன்று காலை அந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். மூடியை எடுத்ததுமே தேங்காய் எண்ணெய் ஊறிய பழைய தோலின் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமை காலைகளில் தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. தரையில் தமிழ்ச் செய்தித்தாளை விரித்து, குட்டை முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, இந்த இரண்டு பூட்ஸுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பீர்கள். "இந்த ஊர் ஈரத்துக்கு வாரம் ஒரு தடவை தடவலன்னா பூசணம் பூத்துப் போயிடும்மா" என்பீர்கள். நான் வாரம் ஒரு தடவை தடவவில்லை. மாதம் ஒரு தடவை. சில மாதம் அதுவும் இல்லை. இடது பூட்ஸின் ஓரம் வெடித்திருக்கிறது.

பெட்டியைத் திறக்க வைத்தது ஒரு மின்னஞ்சல். போர்க்காலப் பொருள்களுக்காகப் புதிதாக ஒரு காட்சிக்கூடம் வரப்போகிறது. அதில் வேலை பார்க்கும் ஷாலினி என்ற பெண் இந்தப் பூட்ஸைக் கேட்டிருந்தாள். பக்கத்தில் வைக்கப்போகும் பலகையின் வாசகத்தையும் அனுப்பி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருந்தாள். "போரில் நடக்க முடியாமல் போன வீரர், தன் தோழருக்கு மனமுவந்து அளித்த காலணி." கூடவே தொலைபேசியிலும் அழைத்தாள்.

"ஆன்ட்டி, உங்க மாமா ஸ்கூல்ல பேசின வீடியோவுலேருந்துதான் எடுத்தோம். அவரு தமிழ்ல பேசுறது மைக்ல சரியா கேக்கல. உங்க இங்கிலீஷ்தான் கிளியரா இருக்கு. மண்டே பிரின்ட்டுக்குப் போகணும் லா."

அந்த வாசகம் பொய், மாமா. அது யாருடைய பொய் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்களும் இல்லாததால் இப்போது எனக்கு மட்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அப்பாவும் நீங்களும் ஒரே குழுவில் மூட்டை இறக்கியவர்கள். நான் பிறந்த செய்தியே கப்பல் தட்டில்தான் அப்பாவுக்கு வந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் நேராக விஷயத்துக்கு வந்தீர்கள். "ஸ்கூல்ல வந்து சண்டைக் கதை பேசச் சொல்லிக் கூப்பிடுறாங்க. நான் தமிழ்லதான் பேசுவேன். நீ பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லு. கோர்ட்டுல சொல்ற மாதிரியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாட்சி "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பித்தால் நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். திருடன் கூண்டில் நின்றால் நானும் திருடி. ஒருமுறை மனைவியைக் குத்தியவன் பேசினான். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நான் இரண்டு முறை குத்தினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அன்றைக்கு மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். எனக்கு அந்தத் திமிர் இருந்தது, மாமா.

முதல் பள்ளி சிராங்கூனில். டாக்சியில் போகும்போதுதான் சவரியைப் பற்றி முதல்முறையாக என்னிடம் சொன்னீர்கள். அதற்கு முன் உங்கள் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. துறைமுகத்துக் கூட்டாளி. இந்திய விடுதலைக்கென்று இங்கே திரட்டிய படையில் உங்களோடு ஒரே நாளில் சேர்ந்தவன். போர் முடிந்து நீங்கள் மட்டும் திரும்பி வந்தபோது, அவனுடைய அக்கா வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "காய்ச்சல்க்கா. என் மடியிலதான் போனான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். எந்த நாள் என்றும் கேட்டிருக்கிறார். வாய்க்கு வந்த ஒரு நாளைச் சொல்லியிருக்கிறீர்கள். அன்று முதல் வருடாவருடம் அந்த நாளில் அவர் தேவாலயத்தில் பூசை வைத்து, வீட்டில் சமைத்து, உங்களை முதல் ஆளாக உட்கார வைத்துப் பரிமாறியிருக்கிறார். தம்பியை மடியில் வைத்திருந்தவர் என்று.

"எத்தனை வருஷம் மாமா?"

"அக்கா சாகுற வரைக்கும். நாப்பது வருஷத்துக்கு மேல. ஒரு வருஷம்கூட நான் போகாம இருந்ததில்ல. போகாட்டி ஏன்னு கேப்பாங்கல்ல." சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "அவங்க போயிட்டாங்க. இனிமே உள்ளதைச் சொன்னா யாருக்கும் வலிக்காது. அதுக்குத்தான் ஸ்கூலுக்கு ஒத்துக்கிட்டேன். யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்."

ஆகவே என்னிடம் என்ன ஒப்படைக்கப்பட்டது என்று தெரியாமல் நான் அந்த மேடையில் ஏறவில்லை. தெரிந்துதான் ஏறினேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. பொன்னாடை போர்த்த வந்தவரிடம், "நாற்காலிக்குப் போடுங்க, அதுதான் குளிருல நடுங்குது" என்றீர்கள். மண்டபத்தில் குளிர்சாதனம் அப்படி. அதையும் மொழிபெயர்த்தேன். ஏன் படையில் சேர்ந்தீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, "சுதந்திரம்னு சொன்னாங்க, சோறும் போடுறேன்னாங்க. சவரி முதலாவதைக் கேட்டான். எனக்கு ரெண்டாவதுதான் காதுல விழுந்துச்சு" என்றீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பர்மாவைத் தாண்டி மலைக்குள் போனது, தோற்றுத் திரும்பியது, மழை, அட்டைப்பூச்சி, வயிற்றுப்போக்கு. முன்னால் போன படையினர் பாதை நெடுகச் செத்துக் கிடந்ததால் இருட்டிலும் வழி தவறவில்லை, மூக்கை வைத்து நடந்தோம் என்றீர்கள். "நாங்கள் மூக்கை வைத்து நடந்தோம்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓர் ஆசிரியை எழுந்து வெளியே போனார். என் குரல் அப்போதும் நடுங்கவில்லை. செத்தவர்களை என்னால் மொழிபெயர்க்க முடிந்தது.

பிறகு சவரியிடம் வந்தீர்கள். ஒரு மரத்தடியில் அவன் உட்கார்ந்துவிட்டான். ஒன்பது நாள் வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்க முடியவில்லை. உங்கள் பூட்ஸ் எப்போதோ மக்கிப் போய், சாக்கைக் காலில் சுற்றி நடந்துகொண்டிருந்தீர்கள். அவனுடைய பூட்ஸ் இன்னும் நன்றாக இருந்தது.

"நான் குனிஞ்சு கயித்தை அவுத்தேன். அவன் பேசல. காலை உள்ளே இழுத்துக்கிட்டான். நான் கணுக்காலைப் பிடிச்சு இழுத்துக் கழட்டினேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். உயிர் இருந்துச்சு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் வேலை முடிந்தது, இனி என் வேலை. மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் "நான்" என்று தொடங்க வேண்டும். என் கைதான் அந்தக் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கூண்டில் நின்ற எந்தக் கொலைகாரனுக்கும் நான் சமைத்துப் போட்டதில்லை. எவன் மடியிலும் சிறுபிள்ளையாக உட்கார்ந்ததில்லை. வாய் திறந்தது. வேறு ஒன்று வந்தது.

"என் நண்பனால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. தன் பூட்ஸை எனக்குக் கொடுத்தான்."

முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பெண், பதின்மூன்று வயது இருக்கும், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து வாழ்த்து அட்டைகள் வந்தன. ஒன்றில் மரத்தடியில் உட்கார்ந்த ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரு ஜோடி பூட்ஸை நீட்டுகிறான். மேலே சூரியன் வேறு. நீங்கள் அதை வெகு நேரம் பார்த்தீர்கள்.

"சவரி ஏம்மா சிரிக்கிறான்?"

"பிள்ளைங்க அப்படித்தானே மாமா வரைவாங்க" என்றேன்.

அட்டையை மற்ற அட்டைகளுக்கு அடியில் வைத்தீர்கள். அடுத்த பள்ளியிலும் அதையே சொன்னேன். முதல் தடவை நாக்கு தடுமாறியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை அப்படிச் சொல்ல முடியாது. ஏழு வருடம், பதினான்கு பள்ளி. நீங்கள் ஒவ்வொரு தடவையும் கழற்றினீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் அவனைக் கொடுக்க வைத்தேன். சவரியின் அக்காவுக்கு நீங்கள் ஒரு முறை சொன்ன பொய்யைவிட நான் சொன்னது அதிகம். கேட்டவர்கள் எண்ணிக்கையும் அதிகம்.

மருத்துவமனையில் கடைசி வாரம். மதிய நேரம், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. உங்கள் மகன் பெர்த்திலிருந்து விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடியபடியே, "கொடுத்தான்னு சொல்லுவியே, அது எனக்குப் புரியும்" என்றீர்கள்.

என் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது.

"முப்பது வருஷம் வெள்ளைக்காரன் கப்பல்ல வேலை பாத்தவன் நான். அந்த அளவு இங்கிலீஷ் தெரியாதா? முத நாளே புரிஞ்சுது."

"அப்ப ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

"கேக்க நல்லா இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "நீ சொல்லும்போது எனக்கே ஒரு நிமிஷம், அப்படித்தான் நடந்துச்சோன்னு தோணும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அடுத்த ஸ்கூலுக்கும் போனேன். அதுவும் திருட்டுதான்."

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். உங்களுக்கு அந்தப் பேச்சில் விருப்பமில்லை. "எனக்கு வாய் வர அறுபது வருஷம் ஆச்சு. உனக்கு வரும்போது சொல்லிடு" என்றீர்கள். பிறகு, "பூட்ஸை நீ எடுத்துக்கிட்டுப் போ. உனக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. அது என்னுது இல்ல. சும்மா வச்சிரு." மகன் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் மண்டாயில் உங்களைத் தகனம் செய்தோம். அஞ்சலி சொல்ல எழுந்தவர் சவரியின் தியாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

எழுபத்து நான்கு வயதாகிறது எனக்கு. நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் பலகை என்னைவிட அதிக நாள் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதைப் படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். சவரிக்கு வேறு எந்த அடையாளமும் இந்த ஊரில் இல்லை. கல்லறை இல்லை, படம் இல்லை. இந்த ஒரு பலகைதான். அதிலும் அவன் செய்யாததைச் செய்தான் என்று எழுதி, அவன் செய்த ஒரே காரியத்தை, அந்தக் காலை உள்ளே இழுத்துக்கொண்டதை, இல்லாமல் ஆக்கப்போகிறேன்.

அதனால் மதியம் ஷாலினியைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன், எழுதிக்கொள் என்றேன். எழுந்து நின்றேன். சமையலறையில்தான், அடுப்பின் எதிரில், நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி. ஆங்கிலத்தில், உங்கள் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். அவன் பேசவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டான். நான் கணுக்காலைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது.

இந்த முறை குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் மெதுவாக, "ஆன்ட்டி, சின்னப் பிள்ளைங்கல்லாம் வருவாங்க. கொஞ்சம் சாஃப்ட்டா போடலாமா?" என்றாள். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பதினான்கு பள்ளிகளில் நான் கேட்ட என் குரல்தான் அது.

"சாஃப்ட்டா நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்மா. அதைத்தான் இப்ப எடுக்கச் சொல்றேன். இதைப் போடுறதா இருந்தா பூட்ஸ் வரும். இல்லன்னா வராது."

மேலதிகாரியைக் கேட்டுவிட்டு மாலையில் அழைத்தாள். போடுவார்களாம், ஒரு வார்த்தையும் மாற்றாமல். வேறு சில விவரங்கள் மட்டும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், சேர்ந்த ஊர், செய்த வேலை. எல்லாம் சொன்னேன்.

"சவரி எப்போ இறந்தாரு, ஆன்ட்டி? டேட் இல்லன்னா வருஷமாவது?"

அக்கா பூசை வைத்த அந்த நாள் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது. நான் கிளம்பும்போது அவன் உயிரோட இருந்தான்" என்றேன்.

அந்த இடத்தைக் காலியாக விடுவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை வந்து பெட்டியை எடுத்துப்போவார்கள். அதற்குப் பிறகு யாரும் எண்ணெய் தடவக்கூடாதாம், கண்ணாடிக்குள் வேறு முறையில் பாதுகாப்பார்களாம். ஆகவே இதை எழுதுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தடவினேன், மாமா. உங்களைப் போலவே செய்தித்தாளை விரித்து, குட்டை முக்காலியில் உட்கார்ந்து. இடது பூட்ஸை முடித்துவிட்டு வலதைக் கையில் எடுத்தபோது கவனித்தேன். நான் அதைக் குதிகாலில் பிடிக்கவில்லை, முனையில் பிடிக்கவில்லை. கணுக்கால் இருந்த இடத்தில்தான் என் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.