ஜாடிப் பூதத்தின் மாமனார்

இயேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்,
12-10-1949

அன்பு மகள் நோராவுக்கு அம்மா மர்சலின் ஆசி கூறி எழுதுவது.

நானும் உன் அண்ணன் விக்டரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் எடுப்பதை நிறுத்தவில்லை. சேலத்தில் நீயும் மாப்பிள்ளை பொன்ராஜும் நலந்தானே? உன் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைத்துக்கொள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ரேஷன் அரிசியில் ஒரே மக்கல் வாடை. ஜெபமாலை மாதமானதால் சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம்.

மாப்பிள்ளை பூதமாக நடிக்கும் ‘ஜாடிப் பூதம்’ படத்தின் இரண்டாம் பாகம் நம் பக்கம் வந்துவிட்டது. முதல் பாகம் ஓடியபோது அப்பா என்ன செய்தார் தெரியுமா? கச்சேரி ரோடு சுவரில் மாப்பிள்ளை படம் ஒட்டியிருந்ததால், அந்தப் பக்கமே போகாமல் லஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். கூத்தாடியைக் கட்டினவளைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கூடாது என்றவர் அல்லவா! அந்தப் படத்தில் ஊறுகாய் ஜாடியிலிருந்து பூதம் தனியாக வந்தது. இதில் பெண்டாட்டி, ஐந்து பிள்ளைகள், மாமியார் என்று குடும்பத்தோடு வருகிறதாம். பங்குச் சாமியாரே அப்பாவிடம், “வயிறு வலிக்கச் சிரிச்சேன், குழந்தைகளக் கூட்டிட்டுப் போகலாம்” என்றார்.

போன சனிக்கிழமை மாட்டினிக்கு நானும் விக்டரும் கிளம்பினோம். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “துணைக்கு வரேன். படத்தப் பாக்க மாட்டேன்” என்றார். அக்பர் பாஷாவின் ஜட்காவில் போனோம். அவரும் குதிரையைக் கட்டிவிட்டுத் தரை டிக்கெட்டில் உள்ளே வந்துவிட்டார்.

அப்பா முதலில் தலையைக் குனிந்தபடிதான் இருந்தார். மாமியார் பூதம் கரண்டியோடு துரத்த, மாப்பிள்ளை சிந்தின தோசை மாவில் வழுக்கி விழ, பின்னாலேயே ஐந்து குட்டிப் பூதங்களும் சறுக்கிக்கொண்டு வந்து அவர் மேல் விழுந்தன. என் பக்கத்து நாற்காலி குலுங்கியது. திரும்பிப் பார்த்தால், அப்பா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறார்!

அப்புறம் மொத்தக் குடும்பமும் கட்டிலில் ஏறிப் பறந்தது. நடுவானில் கட்டிலின் கால் ஒடிந்தது. மாப்பிள்ளை வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்கினார், வேட்டியும் கிழிந்தது, கீழே கிணறு. உன் அப்பா எழுந்து நின்று, “ஐயோ, மாப்பிள்ளை! கைய விடாதீங்க!” என்று கத்திவிட்டார்.

மகளே, உன் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

தரையிலிருந்து அக்பர் பாஷா திரும்பி, “இன்னா வாத்தியாரே, பூதம் உங்க மாப்ளையா? சொல்லவே இல்லியே!” என்றார். கொட்டகையே சிரித்தது. அப்பா கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்று பயந்துபோனேன். அவரோ டிரில் மைதானத்தில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று, “ஆமா. என் மக நோராவோட புருசன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அதற்குப் பிறகு படம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அடிபட்டிருக்காதா என்றார். கிணற்றுக்குள் மெத்தை போட்டிருப்பார்கள் என்று விக்டர் சொன்னான். “மெத்தைய எவன் விரிக்கிறான்? ஒழுங்கா விரிக்கிறானா?” என்று வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், கடற்காற்று வரும் பின்னறையிலிருந்து தன் மேஜையையும் புத்தகங்களையும் வெளியே எடுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். “கொழந்தைக்கு காத்து வேணாமா?” என்றார். நீ முழுகாமல் இருப்பதை நான் விக்டரிடம் மட்டும் அடுப்படியில் மெதுவாகச் சொல்லியிருந்தேன். எப்போது காதில் விழுந்ததோ, இத்தனை நாளாக மனதிலேயே வைத்திருக்கிறார்.

அவராகக் கடிதம் எழுதமாட்டார், உனக்கே தெரியும். அதனால் நான் கேட்கிறேன். தலைப்பிரசவத்துக்கு இங்கே வா. தனியாக வராதே. வாசலில் அப்பா பேசாமல் நின்றால் மனம் கோணாதீர்கள். மாப்பிள்ளைக்குக் கை கால் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதா உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
மர்சலின் ஆம்ப்ரோஸ்